பல்லைக் கொண்டுபோய் மூக்கில் ஒட்டியிருக்கிறார்கள்!

வணக்கம் மக்களே. அழிந்துபோன மீன் பொம்மை எங்கே பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது, தெரியுமே. இந்தத் தடவை ஹெலிகோபிரியன். விலை 849 ரூபாய், கூரியருக்குத் தனியாக 90. அந்த 90தான் இன்னும் உறுத்துகிறது. பெட்டி என் உள்ளங்கை அளவுதான்! சரி, பிரித்தால்... இதோ, கிட்டக் காட்டுகிறேன். பற்சுருள், அதாவது வட்டமாகச் சுருண்ட பல்வரிசை, மூக்கின் மேல் தும்பிக்கை மாதிரி சுருண்டு நிற்கிறது.

1899-இல் ரஷ்யப் புவியியலாளர் கார்ப்பின்ஸ்கியும் இப்படித்தான் நினைத்தார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. குருத்தெலும்பு மீன் செத்தால் உடம்பு மிஞ்சாது. யூரல் மலைப் பக்கம் கிடைத்த சுருளை வைத்து மனுஷன் என்ன செய்வார்? ஆனால் அமெரிக்காவின் ஐடஹோவில் தாடையோடு சேர்ந்து கிடைத்த புதைபடிவத்தை ஸ்கேன் செய்து, சுருள் இருந்தது கீழ்த்தாடைக்குள்தான் என்று 2013-லேயே சொல்லிவிட்டார்களே! பெட்டியில் 'சுறா' என்று வேறு போட்டிருக்கிறது. சுறா இல்லை ஐயா, கைமேரா என்கிற இன்னொரு வகைக் குருத்தெலும்பு மீனுக்குத்தான் கிட்டத்துச் சொந்தம்.

இந்தக் கைமுறுக்கைப் பாருங்கள், இதுதான் பற்சுருள் என்று வைத்துக்கொள்வோம். நடுச்சுற்றில் இருப்பது மீன் குட்டியாக இருந்தபோது முளைத்த பொடிப்பற்கள். வெளிமுனையில், தொண்டைப் பக்கம், புதுப்பல் பெரிதாக முளைக்கும். பழசு உதிராது. முன்னால் நகர்ந்து, கீழே இறங்கி, உள்ளே சுருண்டுகொள்ளும். அந்த ஐடஹோ சுருளில் மட்டும் 117 பல்... ஐயோ, உடைந்துவிட்டது. இது மூன்றாவது முறுக்கு. முதல் இரண்டும் என் வயிற்றில்.

ஒன்றை விட்டுவிட்டேன்: மேல்தாடையில் இப்படிப் பல்வரிசையே கிடையாது. அரிவாள்மணையை வாய்க்குள் நிறுத்தியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் மூடும்போது பற்கள் பின்பக்கமாக நகர்ந்து, இரையை அறுத்தபடியே தொண்டைக்குத் தள்ளும். கணவாய் வகையறா மாதிரி மெத்தென்ற இரைக்குத்தான் இது சரிப்படும். அப்புறம், காலத்தைச் சொல்லவே இல்லை பாருங்கள், சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

பொம்மையைத் திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், பிரித்ததை வாங்கமாட்டார்களாம். போங்கய்யா என்று ஹாக்ஸா பிளேடை எடுத்து மீனுக்கு மூக்கறுத்து, சுருளைக் கீழ்த்தாடையில் பதித்துவிட்டேன். நாற்பது நிமிட வேலை, விரலெல்லாம் பசை. எப்படி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், அம்சமாக! மூக்கில் மட்டும் ஓட்டை தெரிகிறது. எதை வைத்து அடைக்கலாம், கமெண்டில் சொல்லுங்கள். எம்சீல் வேண்டாம், போன தடவை பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.