உப்புக்கல்லில இல்லாத ஒழுங்கு

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில இருந்துகொண்டு குவாண்டம் பௌதிகத்தில இடவியல் ஒழுங்கு எண்ட சங்கதியைக் கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கினம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில இதை ஆர் கேப்பினமோ தெரியேல்ல, எண்டாலும் வந்திட்டன்.

நிலாவெளி உப்பு தெரியும்தானே. ஒரு கல்லை எடுத்தா உள்ளுக்க சோடியம், குளோரின், சோடியம், குளோரின் எண்டு வரிசையா நிக்கும், ஒரு மூலையைப் பாத்தாலே மிச்சத்தையும் சொல்லிடலாம். சோவியத்து விஞ்ஞானி லாண்டாவ் இப்பிடிச் சமச்சீரை வச்சுத்தான் திண்மம், திரவம், காந்தம் எண்டு பிரிச்சவர், கனகாலம் அது காணும் எண்டுதான் எல்லாரும் இருந்தவை.

1982ல சூயி, ஸ்டோர்மர், கொசார்ட் எண்ட மூண்டு பேர் மெல்லிய படையில அடைபட்ட இலத்திரன்களை, இதுக்குக் கீழ குளிராக்கேலாது எண்ட எல்லையான தனிப்பூச்சியத்துக்குக் கிட்டக் குளிராக்கி, பெரிய காந்தப்புலத்துக்க வச்சுப் பாத்தா, லாண்டாவ்ர கணக்குக்குள்ள அடங்காத நிலை ஒண்டு வந்து நிக்குது. அடுத்த வருசம் லாஃப்லின் எண்ட விஞ்ஞானி சொன்னார், அதுக்குள்ள அலையிற துணிக்கைக்கு இலத்திரன்ர ஏற்றத்தில மூண்டில ஒரு பங்குதான் எண்டு. இலத்திரனை ஆரும் வெட்டேல்ல, சரியோ, எல்லா இலத்திரனும் குவாண்டம் பின்னலில, அதாவது ஒவ்வொண்டையும் தனித்தனியாச் சொல்லேலாதபடி சேந்து கிடக்கிறதால வாற சங்கதி அது. 1997ல அதை அளந்தும் போட்டினம்.

கரைவலையில ஒரு கண்ணை மட்டும் உத்துப் பாத்தா வலை எங்க எப்பிடி மூடியிருக்கு எண்டு தெரியுமோ? இங்கயும் அப்பிடித்தான், ஒழுங்கு ஒரு இடத்திலயும் இல்லை, முழுசிலதான் இருக்கு. இதுக்கு இடவியல் ஒழுங்கு எண்டு பேர் வச்சவர் வென் எண்ட விஞ்ஞானி. 2006ல கிட்டேவ், பிரெஸ்கில் ஒரு பக்கம், லெவின், வென் மற்றப் பக்கம், அதைப் பிடிக்க வழி சொன்னவை: பொருளில ஒரு துண்டை மனசால வேறாக்கினா எல்லைக்கோட்டு நீளத்தோட பின்னல் கூடும், ஆனா இந்த ஒழுங்கு இருந்தா அந்தக் கணக்கில எப்பவும் ஒரு மாறாத அளவு குறைவா வரும், அந்தக் குறைதான் சாட்சி. எனக்கு இதில பிடிச்ச இடமே இதுதான். பேப்பரில டெலிபதி மாதிரி எழுதுறதை விட்டுத்தள்ளுங்கோ, பின்னலால ஒரு செய்தியும் அனுப்பேலாது.

எங்கட ஆக்களும் இதில இருக்கினம். 1973லயே அமெரிக்க விஞ்ஞானி அண்டர்சன் எவ்வளவு குளிராக்கினாலும் வரிசைக்கு வராத காந்தங்களைப் பற்றி எழுதினவர், அதுகளுக்குள்ளயும் இப்பிடியான ஒழுங்கு ஒளிஞ்சிருக்கலாம், அந்த யோசனையை 1987ல மின்னைத் தடையில்லாமக் கடத்துற மீகடத்திக்குக் கொண்டு போனதில சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்து பாஸ்கரனுக்குப் பெரிய பங்கு. அப்பிடியான பொருள் நிசமா இருக்கோ எண்டா, ஹெர்பர்ட்ஸ்மிதைட் எண்டு செம்பும் நாகமும், அதாவது சிங்க்கும், உள்ள பச்சைக் கனிமம் ஒண்டைக் காட்டுறாங்கள், ஆனா அதில சக்தி இடைவெளி, அதாவது அதைக் கீழ் நிலையில இருந்து கிளப்பக் குறைஞ்சது இவ்வளவு சக்தி வேணும் எண்ட எல்லை, இருக்கோ இல்லையோ எண்டு கணக்குக்காரரும் பரிசோதனைக்காரரும் இன்னும் பிடுங்குப்பட்டுக்கொண்டுதான் இருக்கினம்.