மூளையும் எதிர்ப்பக்கம் இழுக்கும்

(ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். காலையில் காப்பி குடிக்காவிட்டால் தலைவலி வருகிறவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். நிறையப் பேர் இருக்கிறீர்கள். சரி, உங்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். மூளைச் செல்களின் மேல் அதற்கென்று இருக்கைகள் உண்டு. ஏற்பிகள் என்று பெயர். அதில் அடினோசின் உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். காப்பியில் இருக்கும் கஃபீன் முந்திக்கொண்டு அந்த இருக்கையைப் பிடித்துவிடும். பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதே வேலைதான். துண்டு எங்கும் பயணம் போகப்போவதில்லை. ஆனால் வேறு யாரும் உட்கார முடியாது.

தினமும் இப்படி நடந்தால் மூளை கூடுதல் இருக்கைகளைப் போட்டுவிடும். அப்புறம் ஒரு நாள் காப்பி இல்லையென்றால் அத்தனையிலும் அடினோசின் வந்து உட்காரும். மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், தலை விண்விண்ணென்று தெறிக்கும். விரதத்தால் வந்த தலைவலி என்று நினைப்பது பல நேரம் காப்பி இல்லாததால் வந்ததுதான்.

இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். ஒரு பொருள் மூளையை ஒரு பக்கம் இழுத்தால், மூளை தன் நிலையைக் காப்பாற்ற மறுபக்கம் இழுக்கும். காப்பியில் அது தலைவலியோடு போய்விடுகிறது. மதுவில் அது உயிரை எடுக்கும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து வந்து சேர்ந்தார். முதல் நாள் நன்றாகப் பேசினார். மறுநாள் காலை டீ கொடுத்தால் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார், அப்படியும் டீ போர்வையில் சிந்துகிறது. வலியால் நடுங்குகிறார் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் ராத்திரி அவர் மனைவி ஓடி வந்தார். “டாக்டர், இல்லாத பூச்சியைப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுறாரு. காத்துக் கருப்பு ஏதாச்சும் பட்டிருக்குமோ?” அவர் பதினைந்து வருடமாகத் தினமும் குடிக்கிறவர். நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

நடந்தது என்ன? மூளையில் அடக்கிவைக்க ‘காபா’ என்ற ரசாயனம், தூண்டிவிட ‘குளுட்டமேட்’. மது காபாவின் பிடியைக் கூட்டும், குளுட்டமேட்டைக் குறைக்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் மூளை தன் பிரேக்கைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் சமாளிக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் மது திடீரென்று நின்றுவிட்டது. ஆனால் ஆக்சிலேட்டரை அழுத்திய கால் எடுபடவில்லை. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை. சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் மனம் பிறழ்ந்து, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். ஆகவே, பல வருடமாகத் தினமும் நிறையக் குடிக்கிறவரை வீட்டில் அடைத்துவைத்து ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள். மருத்துவமனையில் காபாவுக்கு உதவும் மாத்திரைகளைக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார்கள். அந்தக் கொத்தனாரும் அப்படித்தான் பிழைத்தார்.

இந்த எதிர் இழுப்பில் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. போதைப்பொருள் உடம்புக்குள் போகும் முன்பே, இடத்தைப் பார்த்தே மூளை இழுக்கத் தொடங்கிவிடும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகல் என்ற உளவியலாளர் 1982-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். எலிகளுக்கு ஒரே அறையில் வைத்து ஹெராயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பழக்கினார். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவு. பழகாத எலிகளில் 96 சதவீதம் செத்தன. பழகிய எலிகளில், வழக்கமான அறையிலேயே ஊசி போட்டவற்றில் 32 சதவீதம் செத்தன. வேறு அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டவற்றில் 64. மருந்தும் அளவும் ஒன்று, பழக்கமும் ஒன்று, மாறியது அறைதான். பழைய அறையைப் பார்த்ததும் மூளை தற்காத்துக்கொண்டது. புது அறை அதற்கு எந்தத் தகவலும் கொடுக்கவில்லை.

இதை மனிதர்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். பழைய இடத்தில் போதைப்பொருள் வராதபோதும் மூளை இழுக்கிறது. அந்த வெற்று இழுப்பைத்தான் ஏக்கமாக உணர்கிறோம். வியட்நாம் போரிலிருந்து 1971 செப்டம்பரில் திரும்பிய அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாக இருந்ததாகச் சொன்னார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் சுமார் 5 சதவீதம் பேரே மறுபடி அடிமையானார்கள். இதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். இடம் மாறியது அதில் முக்கியமானது. நம் ஆட்களுக்கு நடப்பது நேர் எதிர். முப்பது நாள் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு அதே தெரு, அதே கூட்டாளிகள், அதே சம்பள நாள் சாயங்காலத்துக்குத் திரும்புகிறார்கள். தடுக்கி விழுந்தவரைப் பார்த்து “மானம் ரோஷம் இல்லையா” என்று கேட்கிறோம். ஹெராயின் வகையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இடைவெளியில் உடம்பின் தாங்கும் திறன் இறங்கியிருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும்.

அந்தக் கொத்தனாரின் கால் கூடிய பிறகு அவர் மனைவியிடம் இந்த அறைக் கதையைச் சொன்னேன். எலி விஷயம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அடுத்த முறை வந்தபோது சொன்னார்: “கடை இருக்கிற ஸ்டாப்பில இப்ப இறங்குறதில்ல டாக்டர். ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வர்றாரு. கால் வலிக்குதுன்னு திட்டுறாரு, ஆனா வர்றாரு.”