தொடக் கூடாத இடம் எது என்று கர்னலுக்கு எப்படித் தெரியும்?

நண்பர்களே, வணக்கம்.

0-வில் தொடங்கி 16 ஜிபியில் முடிகிற ஒரே நீளப் பட்டைதான் நினைவகம் என்று புரோகிராம் எழுதும்போது நினைத்துக்கொள்கிறோம். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு அந்த வசதி கிடையாது. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினியின் பிசிகல் முகவரிகளில், அதாவது வன்பொருள் நேரடியாகப் பயன்படுத்தும் முகவரிகளில், நடுநடுவே ஓட்டைகள் இருக்கும். 640 கிலோபைட்டிலிருந்து 1 மெகாபைட் வரை வீடியோவுக்கும், கணினியை முதலில் கிளப்பும் பயாஸ் மென்பொருளுக்கும் போய்விடுகிறது. 4 ஜிபிக்குக் கீழே பிசிஐ சாதனங்கள் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே எழுதினால் ராமில் பதியாது, ஏதோ ஒரு சாதனத்தின் ரெஜிஸ்டரில் (அதைக் கட்டுப்படுத்தும் இடத்தில்) போய் விழும்.

சரி, எது ராம் என்று யாரிடம் கேட்பது? கணினியோடு வரும் தொடக்க மென்பொருளான ஃபர்ம்வேரிடம்தான். பழைய பயாஸ் இ820 என்ற பட்டியலைத் தரும், அதன் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ தன் மெமரி மேப்பைத் தரும். தொடக்க முகவரி, அளவு, வகை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் இ820 பட்டியல் வரிசையாக வரும் என்று உத்தரவாதமில்லை. ஒரு பகுதி இன்னொன்றின் மேல் ஏறியும் கிடக்கலாம். ஒரே இடத்தை ஒரு வரி 'பயன்படுத்து' என்றும் மற்றொன்று 'தொடாதே' என்றும் சொன்னால், லினக்ஸ் 'தொடாதே' என்பதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

அது சரியான முடிவு என்றே நான் உறுதியாகச் சொல்வேன். கர்னல் நினைவகத்தை 4 கிலோபைட் துண்டுகளாக, அதாவது 'பக்கங்களாக'க் கையாளுகிறது. ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் நஷ்டம் அந்த 4 கிலோபைட்தான். தவறாக எடுத்துக்கொண்டால் யாருடைய தரவு எப்போது கெடும் என்றே தெரியாது. பல கணினிகளில் முதல் பகுதி 639 கிலோபைட்டில் முடியும். அது 159 முழுப் பக்கங்கள், அதாவது 636 கிலோபைட், மிச்சம் 3. அதே பக்கத்தின் கடைசி 1 கிலோபைட் பயாஸுடையது என்பதால் அந்தப் பக்கத்தையே கர்னல் விட்டுவிடும். சில பயாஸ்கள் கீழ்ப்பகுதியில் சொல்லாமல் எழுதிவிடுவதால், 2021-இல் வந்த லினக்ஸ் 5.13, நினைவகத்தின் முதல் 1 மெகாபைட்டை மொத்தமாக ஒதுக்கியே வைத்துவிட்டது.

அப்புறம் மெம்பிளாக், அதாவது கர்னல் கிளம்பும் தொடக்கத்தில் நினைவகத்தைப் பங்கிடும் தற்காலிக ஏற்பாடு. கர்னலில் வழக்கமாக நினைவகத்தைப் பங்கிடும் பட்டி அலோகேட்டர் வேலையைத் தொடங்க, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விவரக் குறிப்பு வேண்டும். 64 பிட் கணினியில் அது பொதுவாக 64 பைட். 16 ஜிபிக்குக் கணக்குப் போட்டால் 256 மெகாபைட்! அலோகேட்டரே இன்னும் பிறக்காதபோது இதற்கு இடம் தருவது மெம்பிளாக்தான். அதனிடம் முக்கியமாக இரண்டு பட்டியல்கள்: இருக்கிற நினைவகம், ஒதுக்கிய நினைவகம். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதது காலி. இடம் கேட்டால் காலியில் ஒரு துண்டைப் பிடித்து இரண்டாவதில் எழுதிவிடும், அவ்வளவுதான். ஒட்டியிருக்கும் ஒரே வகைத் துண்டுகளைச் சேர்த்துவிடுவதால் பட்டியல் பெருகாது.

அந்தப் பட்டியல்கள் எங்கே இருக்கின்றன? கர்னலுக்குள்ளேயே, பொதுவாக 128 இடங்கள் கொண்ட அணிகளாக (அரே). நிரம்பிவிட்டால் இரு மடங்கு பெரிய அணிக்கு இடம் தேட வேண்டும். அந்தக் கட்டத்தில் மெம்பிளாக் தன்னிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதிலும் ஒரு கவனம் வேண்டும்: எந்தப் பகுதியை ஒதுக்கப்போய் அணி நிரம்பியதோ, அது இன்னும் பட்டியலில் ஏறவில்லை, பார்வைக்குக் காலியாகத்தான் தெரியும். அதனால் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டுத்தான் புது அணிக்கு இடம் தேடும்படி நிரலை எழுதியிருக்கிறார்கள்.