போஸ்டரில் இருக்கும் பேய் படத்தில் இல்லை

(திரைப்பட ரசிகர்களின் மாதக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். திகில் படங்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இன்றைக்குப் படத்தின் பக்கமே போகப்போவதில்லை. படம் வருவதற்கு முன்னால் சுவரில் ஒட்டுகிறார்களே அந்தப் போஸ்டர், வேறொரு படத்துக்குப் போயிருக்கும்போது நம்மைக் கேட்காமலேயே போட்டுக் காட்டுகிறார்களே அந்த டிரெய்லர், அவ்வளவுதான் என் விஷயம். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜவுளிக்கடையில் துணியின் ஓரத்தை வெட்டிச் சாம்பிள் கொடுப்பதுபோல, படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டிக் காட்டுவதுதான் விளம்பரம் என்று நாம் நினைக்கிறோம். நல்ல திகில் பட விளம்பரம் அப்படிச் செய்வதே இல்லை. அது தனியாக ஒரு குட்டிப் பேய்க்கதையைச் சொல்கிறது. அதில் வரும் பேய் பல நேரம் படத்திலேயே இருக்காது.

தம்பி, முதல் படத்தைப் போடுங்கள். ஆமாம், இதுதான். 1975-இல் வந்த 'ஜாஸ்'. மேலே ஒரு பெண் நீந்திக்கொண்டிருக்கிறாள். கீழேயிருந்து சுறா செங்குத்தாக ஏறி வருகிறது. வரைந்தவர் ரோஜர் காஸ்டெல். இதை அவர் சினிமாவுக்காக வரையவில்லை. பீட்டர் பெஞ்ச்லியின் நாவல் மலிவுப் பதிப்பாக வந்தபோது, அதன் அட்டைக்காகப் பான்டம் பதிப்பகத்துக்கு வரைந்து கொடுத்தார். அது பிடித்துப்போய் யுனிவர்சல் நிறுவனம் அப்படியே போஸ்டருக்கு எடுத்துக்கொண்டது. அசல் ஓவியம் பிறகு காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

சுறாவின் அளவைப் பாருங்கள். படத்தில் அதன் நீளம் 25 அடி என்று வசனத்திலேயே வருகிறது. இங்கே அதன் வாய்க்குள் அந்தப் பெண்ணோடு ஒரு படகையும் சேர்த்து நிறுத்தலாம்போல இருக்கிறது. அளவு பொய். ஆனால் இந்தப் பொய் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் சுவாரசியம். படப்பிடிப்பில் இயந்திரச் சுறாவைக் கடல் தண்ணீரில் இறக்கினால் போதும், பழுதாகிவிடும். இயக்குநர் ஸ்பீல்பெர்க் வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலே படத்தை நகர்த்த வேண்டியதாயிற்று. அது ஒழுங்காகத் தலைகாட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை திரையில் இருப்பது என்ன? வெறும் தண்ணீர், நாலு பேர் குளிக்கிறார்கள், இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரம். ஆனால் தியேட்டருக்குள் வந்து உட்கார்ந்தவன் வாசலில் இந்தப் போஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். திரையில் தண்ணீரின் மேல்பரப்பு தெரிந்ததுமே, அடியில் இந்தச் சுறாவை அவனே கொண்டுபோய் வைத்துவிடுகிறான். படத்தால் காட்ட முடியாததைப் போஸ்டர் முன்கூட்டியே காட்டி முடித்துவிட்டது. பாதிப் படத்தை வாசலிலேயே ஓட்டிவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நமக்குத் தெரிந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. திகில் போஸ்டர்களில் பாதிக்குப் பாதி இந்த ஏற்பாட்டில்தான் நிற்கின்றன. ஆபத்து நம் கண்ணுக்கு மட்டும் தெரியும். கத்தி எச்சரிக்கலாம் என்றால் போஸ்டரில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும்?

அடுத்தது 'ஏலியன்', 1979. கறுப்புப் பின்னணியில் ஒரு முட்டை. அதில் ஒரு விரிசல், விரிசலில் பச்சை வெளிச்சம். வடிவமைத்தவர் பிலிப் கிப்ஸ். விண்வெளியில் நீ அலறினால் யாருக்கும் கேட்காது என்று பொருள்படும் அந்தப் புகழ்பெற்ற வரியை எழுதியவர் அவருடைய மனைவி பார்பரா கிப்ஸ். படம் பார்த்தவர்கள் இந்த முட்டையை யோசித்துப் பாருங்கள். படத்தில் வரும் முட்டை வேறு மாதிரி, தோல்போல இருக்கும், மேல்பக்கம் இதழ் இதழாக விரியும். போஸ்டரில் இருப்பது கோழி முட்டையைப் பார்த்துச் செய்தது. படத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் 'ஏலியன்' என்றால் இன்றைக்கும் பலருக்கு நினைவில் வருவது இதுதான். டிரெய்லரிலும் இதே முட்டை வரும். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. ஓலமிடுவதுபோல ஒரு சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இதே கிப்ஸ் அதற்குப் பதினோரு வருடம் முன்னால் 'ரோஸ்மேரிஸ் பேபி' போஸ்டரிலும் வேலை பார்த்திருக்கிறார். பச்சை நிறத்தில் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் முகம், அதன்மேல் பாறையில் தன்னந்தனியாக நிற்கும் குழந்தை வண்டி. வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. படத்திலும் அந்தக் குழந்தையைக் காட்ட மாட்டார்கள். முட்டை, தொட்டில், வீட்டு வாசல், குளியலறை என்று திகில் போஸ்டர்கள் எதைத் தேடிப் போகின்றன பாருங்கள். கல்லறையைப் பார்த்தால் நாம் முன்பே தயாராகிவிடுவோம். குழந்தை வண்டியைப் பார்த்து யார் தயாராவார்கள்?

இதற்கு விதிவிலக்கு போலத் தெரிவது 'எக்ஸார்சிஸ்ட்', 1973. தெருவிளக்குக்கு அடியில் தொப்பி போட்ட ஒரு பாதிரியார், கையில் பெட்டி, மேல்மாடி ஜன்னலிலிருந்து அவர்மேல் விழும் வெளிச்சம். இந்தக் காட்சி அப்படியே படத்தில் இருக்கிறது. ரெனே மாக்ரித் வரைந்த 'ஒளியின் பேரரசு' ஓவியத்தைப் பார்த்துத்தான் இயக்குநர் ஃபிரீட்கின் இதை அமைத்தார். போஸ்டரைச் செய்தவர் பில் கோல்ட். 1942-இல் 'காஸாபிளாங்கா' போஸ்டரைச் செய்த அதே மனிதர். சரி, படத்தில் இருப்பதைத்தானே காட்டியிருக்கிறார் என்று கேட்கலாம். ஆனால் அந்தப் படம் எதற்காகப் பேசப்பட்டது? பேய் பிடித்த சிறுமியின் முகத்துக்காக. அந்த முகம் போஸ்டரில் எங்கேயும் இல்லை. வெளிச்சம் எப்போதும் நல்லதன் பக்கம் என்று பழகியிருக்கிறோம். இங்கே வெளிச்சம் வரும் ஜன்னலுக்குப் பின்னால்தான் பிசாசு இருக்கிறது, நல்லவர் இருட்டில் நிற்கிறார். ஒரே வீச்சில் பழக்கத்தைத் தலைகீழாக்கிவிட்டார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த திகில் போஸ்டர் இல்லை.

இப்போது டிரெய்லருக்கு வருவோம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ', 1960. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். படத்தின் ஒரு காட்சிகூடக் கிடையாது. ஹிட்ச்காக்கே வருகிறார், வீடு விற்கும் தரகர் மாதிரி அந்த லாட்ஜைச் சுற்றிக் காட்டுகிறார். இங்கேதான் நடந்தது, இதோ இந்த மாடிப்படி என்கிறார். சொல்ல ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விழுங்குகிறார். பின்னணியில் வேடிக்கையான இசை. கடைசியில் குளியலறைக்கு வந்து, எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள் என்கிறார். திரைச்சீலையைச் சடாரென்று இழுக்கிறார். ஒரு பெண் அலறுகிறாள். அந்தப் பெண் படத்தில் குளியலறையில் சாகும் ஜேனட் லீ இல்லை! அவருடைய தங்கையாக நடித்த வேரா மைல்ஸுக்கு விக் வைத்து எடுத்தார்கள். படத்தில் இல்லாத அலறலைக் காட்டிப் படத்தை விற்றார் மனிதர். அதோடு நிற்கவில்லை. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டு, அதையும் போஸ்டராக அடித்து வாசலில் வைத்தார்.

'தி ஷைனிங்', 1980. முதல் டிரெய்லர் ஒரே ஷாட். ஹோட்டல் நடைக்கூடம், இரண்டு லிஃப்ட் கதவுகள், மேலே நகரும் எழுத்துகள். கேமரா அசையாது. வெகுநேரம் எதுவுமே நடக்காது. அப்புறம் லிஃப்ட் கதவிடுக்கிலிருந்து ரத்தம் பொங்கி வந்து கூடத்தையே மூழ்கடிக்கும். எல்லா வயதினருக்குமான டிரெய்லரில் ரத்தம் கூடாது என்பது அங்கே விதி. அது ரத்தம் இல்லை, துருப்பிடித்த தண்ணீர் என்று சொல்லி இயக்குநர் குப்ரிக் அனுமதி வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, இந்த விதியை மறந்துவிடாதீர்கள். டிரெய்லர் என்பது வேறொரு படத்துக்கு வந்தவர்களுக்குக் காட்டப்படுவது, அவர்களில் குழந்தைகளும் இருப்பார்கள். வெட்டு, குத்து, ரத்தம் எதையும் காட்ட முடியாது. மிச்சம் இருப்பது சத்தம் மட்டும்தான். திகில் டிரெய்லர்கள் ஒலியை நம்பி வாழக் கற்றுக்கொண்டதில் சென்சாருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அந்த ஒலி எப்படி அமைகிறது? புதுவீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவருகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், அடியில் காதுக்குக் கேட்டும் கேட்காமலும் ஒரு தாழ்ந்த ரீங்காரம். குழந்தை யாரோடோ பேசுகிறது. ரீங்காரம் ஏறுகிறது, காட்சிகள் வேகமாக மாறுகின்றன, உச்சத்தில் சட்டென்று அமைதி. அந்த அமைதிதான் முக்கியம். அதைக் கேட்டதும் நம் தோள் தானாகவே இறுகும். இப்போது வரும், இப்போது வரும் என்று எண்ணுவோம். சுமாரான எடிட்டர் நாம் எண்ணிய இடத்திலேயே அடிப்பார். கெட்டிக்காரர் அந்த இடத்தைத் தாண்ட விடுவார், படத்தின் பெயரைப் போடுவார், முடிந்தது என்று நாம் மூச்சு விட்டதும் அடிப்பார்.

இந்த வித்தை படத்துக்குள்ளேயே 1942-இல் வந்துவிட்டது. 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து வருகிறாள், பின்னால் ஏதோ வருகிறது, பாயப்போகிறது என்ற கணத்தில் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். தயாரித்தவர் வால் லூட்டன். அவர் கதை என் பேச்சுக்கு ரொம்பவே பொருத்தம். ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் அவருக்குக் கதை கொடுக்க மாட்டார்கள், தலைப்பைத்தான் கொடுப்பார்கள். இந்தப் பெயர் மக்களை இழுக்கும், இதற்கு ஒரு படம் எடு என்பார்கள். அதாவது முதலில் விளம்பரம் பிறந்தது, பிறகுதான் படம். கையில் பணமும் குறைவு. அதனால் போஸ்டர் மிருகத்தைக் காட்டிக் கூப்பிடும், உள்ளே போனால் பெரும்பாலும் நிழல்தான் இருக்கும்.

நம் பக்கம் வருகிறேன். நமக்கு டிரெய்லரை எல்லோரும் பார்க்கும் காலம் வருவதற்கு முன்பே இந்த வேலையைச் செய்தது பாட்டு. 1949-இல் இந்தியில் 'மஹல்' வந்தது. லதா மங்கேஷ்கர் பாடிய 'ஆயேகா ஆனேவாலா' தூரத்திலிருந்து நெருங்கி வருவதுபோலத் தொடங்கும். அந்த வழியில் 1964-இல் 'வோ கௌன் தி', அதைத் தமிழில் எடுத்து 1966-இல் 'யார் நீ'. பி. சுசீலாவின் 'நானே வருவேன்' பாட்டை இரவு பத்து மணிக்கு மேல் தனியாகக் கேட்கத் துணிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாட்டை மட்டும் கேட்டால் வெள்ளைச் சேலை, பனிமூட்டம் எல்லாம் தானாக வந்துவிடும். படத்தைப் பார்த்தால் அங்கே பேயே இல்லை! எல்லாம் மனிதர்கள் போட்ட நாடகம் என்று முடியும். வானொலியில் வந்த பேய் தியேட்டரில் கிடையாது. அமெரிக்காவில் இப்போது பழைய பாட்டை மெதுவாக்கித் திகில் டிரெய்லருக்குப் போடுகிறார்கள். 2019-இல் வந்த 'அஸ்' படத்துக்கு ஒரு ராப் பாட்டை அப்படிச் செய்தது பெரிதாகப் பேசப்பட்டது. கேட்டபோது எனக்குச் சுசீலா ஞாபகம்தான் வந்தது.

போஸ்டரில் நம் நிலைமை வேறு. அமெரிக்கப் போஸ்டர் 27 அங்குல அகலம், 40 அங்குல உயரம். தியேட்டர் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். நின்று பார்க்கலாம். நம்முடையது சிவகாசியில் அச்சாகி, மைதாப் பசையில் தெருச்சுவரில் ஏறும், ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்குப் புரிய வேண்டும், அதுவும் மாடு தின்பதற்குள். அங்கே ஒற்றை முட்டையை வைத்துவிட்டுக் காத்திருக்க முடியாது. கதாநாயகன் முகம் வேண்டும், காமெடியன்கள் வரிசையாகப் பயந்து நிற்க வேண்டும், பின்னால் பங்களா வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பேயோடு சிரிப்பும் உண்டு, குடும்பத்தோடு வரலாம் என்று அது நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

டிரெய்லரில்தான் எனக்குக் கோபம். இப்போது நம் பேய்ப் படங்களின் டிரெய்லர் இரண்டரை நிமிடத்தில் பேயின் மேக்கப்பை முழுத்திரைக்குக் காட்டிவிடுகிறது, அது ஏன் செத்தது என்ற ஃபிளாஷ்பேக்கையும் சொல்லிவிடுகிறது, யார் மந்திரவாதி என்றும் தெரிந்துவிடுகிறது. படத்தில் இருக்கும் நான்கு திடுக்கிடலில் மூன்று வீட்டிலேயே போனில் தீர்ந்துபோகிறது. தியேட்டரில் எதற்குத் திடுக்கிட?

மறைப்பதிலும் ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1999-இல் 'பிளேர் விட்ச்' படத்துக்கு நடிகர்களையே காணாமல் போனவர்களாகக் காட்டி நோட்டீஸ் ஒட்டினார்கள். நம்பிக்கொண்டு வந்தவர்களில் ஒரு பகுதியினர், கடைசிவரை எதையும் காட்டவில்லையே என்று திட்டிக்கொண்டே வெளியே போனார்கள். 2024-இல் 'லாங்லெக்ஸ்' வந்தது. நிக்கோலஸ் கேஜ்தான் கொலைகாரன், ஆனால் டிரெய்லர் எதிலும் அவர் முகத்தைக் காட்டவில்லை. விளம்பரப் பலகையில் ஒரு போன் நம்பர் போட்டார்கள், கூப்பிட்டால் அவர் குரல் கேட்கும். மாதக்கணக்கில் அந்த முகத்தை நானே கற்பனை செய்துகொண்டிருந்தேன். படத்தில் அது வந்தபோது, நான் வைத்திருந்த முகத்துக்கு அது ஈடாகவில்லை. படம் மோசமில்லை. விளம்பரம் அதைவிடப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

நேரமாகிவிட்டது. கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம், மைக் பின்வரிசைக்கும் வரும்.