வண்டி மாட்டுக்குச் சூட்டு ஒத்தடம்

வணக்கம் நேயர்களே.

மாரி தொடங்கியதும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வண்டி மாடு வைத்திருப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். காலையில் கயிற்றை அவிழ்த்தால் சில மாடுகள் முதல் பத்து இருபது எட்டு விறைத்து நடக்கும், பின்கால் இழுபடும், போகப் போகச் சரியாகிவிடும். வயது போன மாட்டிலும், சேற்றில் பாரம் இழுத்துத் தசை பிடித்துக்கொண்ட மாட்டிலும் இது அதிகம். இப்படி நடக்க நடக்கத் தளரும் விறைப்புக்குத்தான் சூட்டு ஒத்தடம். நடக்க நடக்கக் கூடும் நொண்டலுக்கு அது மருந்தல்ல. அந்த மாட்டின் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். முள்ளோ கல்லோ ஏறியிருக்கலாம்.

வரம்பில் சறுக்கி விழுந்த மாட்டுக்கு அன்றைக்கே சுடுதண்ணீர் ஒற்றுவதுதான் நம்மிடையே அதிகம் நடக்கும் பிழை. விழுந்த இடத்தில் சிறு இரத்தக் குழாய்கள் கிழிந்திருக்கும். சூடு பட்டால் குழாய்கள் விரிந்து, உள்ளே இன்னும் இரத்தம் கசிந்து வீக்கம் பெருக்கும். முதல் இரண்டு மூன்று நாளும் குளிர்தான். கிணற்றுத் தண்ணீரை 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு மூன்று தரம் ஓடவிடுங்கள். ஐஸ் கிடைத்தால் சாக்கில் சுற்றி வையுங்கள், வெறும் ஐஸ் தோலில் படக்கூடாது. பிறகு உள்ளங்கையை அந்த இடத்திலும் மறுபக்கத்தில் அதே இடத்திலும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அடிபட்ட பக்கம் இன்னும் கொதிப்பாக இருந்தால் சூட்டுக்கு நேரம் வரவில்லை.

இனி முறை. மாட்டைத் தேய்த்துக் கழுவி, மயிரில் ஒட்டிய சேற்றை முழுக்க எடுத்துவிடுங்கள். காய்ந்த சேறு இருந்தால் சூடு ஓரிடத்தில் தேங்கும், இன்னோரிடத்தில் சேராது. தண்ணீர் 42 முதல் 45 பாகை செல்சியஸ் வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால், மூன்று பங்கு கிணற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு கொதிதண்ணீரைக் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். மணிக்கட்டின் உட்பக்கத்தை அதில் அரை நிமிடம் வைத்திருக்க முடியவேண்டும்; கை பின்வாங்கினால் மாட்டுக்கும் கூடுதல்தான். தடித்த துவாயை நனைத்துச் சொட்டாமல் பிழிந்து தசைமேல் விரித்து, அதன்மேல் ஒரு பொலித்தீன் துண்டு, அதற்கும் மேல் காய்ந்த சாக்கு போடுங்கள். மூடாவிட்டால் காற்றில் துவாய் உடனே ஆறிவிடும். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருதரம் திரும்ப நனையுங்கள். இடையில் கொதிதண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் வாளிக்குள் ஊற்றிக் கலக்குங்கள், துவாய்மேல் ஊற்றாதீர்கள். மொத்தம் 15 முதல் 20 நிமிடம், காலையும் மாலையும். தண்ணீருக்குள் உப்பும் நொச்சி இலையும் போடுவது உங்கள் விருப்பம். தசையைத் தளர்த்துவது சூடு.

தவிட்டையோ உப்பையோ வறுத்துத் துணியில் கட்டி ஒற்றுபவர்களும் உண்டு. தவறில்லை, ஆனால் அதன் சூட்டை அளக்க முடியாது, பொட்டலத்தின் நடுவில் ஒளிந்திருக்கும். அதை ஓரிடத்தில் வைத்திருக்காமல் நகர்த்திக்கொண்டே ஒற்றுங்கள். 50 பாகைச் சூடு சில நிமிடத்தில் தோலைப் பொசுக்கும். கறுத்த மாட்டில் அது அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்து மயிர் கொட்டித் தோல் உரியும்போதுதான் தெரியும். மாடு தோலைச் சிலிர்த்து விலகினால் அடம் என்று நினைத்து இழுத்துப் பிடிக்காதீர்கள், துவாயை எடுங்கள். நோவெண்ணெய் பூசிய இடத்தில் ஒத்தடம் கொடுத்தால் கொப்பளிக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மறுநாள் தொடங்குங்கள். புண், வெட்டுக்காயம், மரத்துப்போன இடம் எதிலும் சூடு வேண்டாம்.

ஒத்தடத்தின் சூடு தோலுக்குக் கீழே ஒன்று இரண்டு சென்ரிமீற்றர்தான் போகும். மாட்டின் தொடைத் தசை அதைவிட எவ்வளவோ தடிப்பு. ஆகவே ஒத்தடம் முடிந்த கையோடு துடைத்து, சமநிலத்தில் பத்து நிமிடம் மெதுவாக நடத்துங்கள். தசை சுருங்கி விரியும்போதுதான் ஆழத்துக்கும் இரத்தம் ஓடும். நடத்தாமல் கட்டிவைத்தால் பாதி வேலை வீண். ஈரத்தோடு வாடைக்காற்றில் நிறுத்தினால் பழைய விறைப்பு திரும்பிவிடும். கச்சான் என்னும் சுடுகாற்று வீசும் மாதங்களில் நண்பகல் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், அந்த வெயிலில் மாடு ஏற்கெனவே மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும்.

கழுத்தில் நுகம் அழுத்தி வரும் வீக்கத்துக்கும், பழையதாகிக் கல்லுப்போல் இறுகியிருந்தால், இதே ஒத்தடம் உதவும். ஆனால் நுகத்தின் விளிம்பைச் சீவி மழுக்காமல் எத்தனை நாள் ஒற்றினாலும் அது திரும்ப வரும்.

தொடங்குமுன் ஒரு வேலை கட்டாயம்: காலையில் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். மாட்டுக்கு 38 முதல் 39.3 பாகை வரை இயல்பு. 39.5 தாண்டினால் ஒத்தடத்தை விடுங்கள். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட கன்றோ நாம்பனோ திடீரென்று நொண்டி, தொடையோ தோளோ வீங்கி, அழுத்தும்போது விரலுக்குக் கீழே நறநறவென்றால் அது சப்பை நோயாக இருக்கலாம். உள்ளே நொறுங்குவது கிருமி உண்டாக்கிய வாயு. ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அந்த மணித்தியாலமே மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். தொண்டை வீங்கிக் காய்ச்சலோடு மூச்சுத் திணறும் எருமைக்கும் அப்படித்தான், அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு.

விறைப்புக்கு ஐந்து முதல் ஏழு நாள் கொடுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் கோளாறு மூட்டிலோ எலும்பிலோ இருக்கலாம், வைத்தியர் பார்க்கட்டும். குறைந்தால் முதல் இரண்டு நாள் வெறும் வண்டி, அடுத்த இரண்டு நாள் அரைப் பாரம், அதுவும் கிறவல் ரோட்டில் மட்டும். சேற்றுப் பாதைக்கு இன்னும் ஒரு கிழமை போகட்டும்.