படகுத்துறைக்கு யார் பணம் தருவது?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தேனி மாவட்டத்துக் கூடலூரில் பிறந்தவன். குமுளி மலைப்பாதையில் ஏறி இறங்கியே நரை கண்டவன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், எல்லையோர நீர்த்தேக்கம் ஒன்றுக்கு என் தாயாரைப் படகுச் சவாரிக்காக அழைத்துச் சென்றிருந்தேன். சிமெண்டுப் படிகள் முடிந்த இடத்தில் தண்ணீர் இல்லை. அதற்குக் கீழே கணுக்கால் புதையும் சேறும், சேற்றின் மேல் போட்ட இரண்டு பலகைகளும், பலகைகளுக்கு அப்பால் ஆடிக்கொண்டிருந்த படகும்தான் இருந்தன. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்ட அம்மா, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் குரங்கு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். அவருக்காக வாங்கிய சீட்டு என் சட்டைப்பையிலேயே கிடந்தது.

படிகளைக் கட்டியவர்கள் பொறியியல் அறியாதவர்கள் அல்லர். அணை நிரம்பியிருந்த காலத்தை மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எட்டடிக்கு ஓரடி சரியும் கரையில் நீர்மட்டம் ஓரடி இறங்கினால் தண்ணீர் எட்டடி விலகிப்போகும். முல்லைப் பெரியாற்றில், 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடிக்கும், கம்பம் பள்ளத்தாக்குக்கு நீர் வருவது நின்றுபோகும் 104 அடிக்கும் இடையே 38 அடி வேறுபாடு உண்டு. அப்படிப்பட்ட கரையில் துறை ஏறத்தாழ முந்நூறு அடி நகர வேண்டியிருக்கும். நம் வயலுக்குத் தண்ணீர் வரவர அங்கே கரை விலகுவது இயற்கை. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இத்தகைய நீர்நிலைக்குப் பொருந்துவது, நீரோடு ஏறி இறங்கும் மிதவைத் துறையும், கீல் வைத்த நடைபாலமும்தான். ஆனால், மிதவைப் பீப்பாய் ஒழுகும், சங்கிலி துருப்பிடிக்கும், பலகை உளுக்கும். இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. ஆண்டுதோறும் தவறாமல் ஒரு சிறுதொகை தேவை.

நம்முடைய அரசு நிதியோ இதற்கு நேர்மாறான சுபாவம் கொண்டது. 2014-15இல் தொடங்கிய சுதேச தரிசனம் திட்டத்தில், சுற்றுலா வசதிகளைக் கட்டுவதற்கான செலவை மத்திய அரசு ஏற்றது; கட்டியபின் பராமரிப்பது மாநிலத்தின் பொறுப்பு. கட்டும் பணம் ஒருமுறை வரும், அதற்கு ஒரு விழாவும் ஒரு கல்வெட்டும் உண்டு. பீப்பாய் மாற்றுவதற்கு எந்த அமைச்சரும் நாடா வெட்டுவதில்லை.

அமெரிக்காவில் இதை வேறு விதமாகச் செய்தார்கள். 1950இல் இயற்றிய ஒரு சட்டப்படி, தூண்டில் கம்பு, நூல் சுற்றும் உருளை, முள் முதலியவற்றின் உற்பத்தியாளர் செலுத்தும் வரி தனி நிதியாகச் சேர்கிறது. 1984இல் செய்த திருத்தத்தால் விசைப்படகு எரிபொருளுக்கான வரியும் அதில் சேர்ந்தது. அங்கிருந்து மாநிலங்களுக்கு வரும் பணத்தில் குறைந்தது 15 விழுக்காடு படகு இறக்கும் சாய்தளம், துறை போன்ற வசதிகளுக்குச் செல்ல வேண்டும். பொதுவாகச் செலவில் முக்கால் பங்கை நிதியும் கால் பங்கை மாநிலமும் ஏற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது அதிலுள்ள பூட்டுதான். மீன்பிடி உரிமக் கட்டணத்தை மீன்வளப் பணியைத் தவிர வேறெதற்கும் திருப்பமாட்டோம் என்று சட்டம் இயற்றிய மாநிலத்துக்கே அந்தப் பணம் கிடைக்கும். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள்; அங்கே ஆற்றில் எடுத்ததை ஆற்றிலேயே போட வேண்டும் என்கிறார்கள். இங்கும் தூண்டில் வாங்குகிறவர் வரி கட்டத்தான் செய்கிறார். அந்த வரி பல துறைகளுக்குப் போகிறது, படகுத்துறை ஒன்றைத் தவிர.

இது வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2004இல் அமைந்த பெரியாறு அறக்கட்டளை, தேக்கடியிலுள்ள பெரியாறு புலிகள் காப்பகத்துக்கு வருவோரிடம் சூழல் மேம்பாட்டுக் கூடுதல் கட்டணம் பெற்று, அதை அந்தக் காட்டுக்கும் காட்டைச் சார்ந்த மக்களுக்கும் செலவிடுகிறது. ஒரு காலத்தில் காட்டு லவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களே இன்று வழிகாட்டிகளாக மூங்கில் தெப்பம் தள்ளுகிறார்கள். சீட்டுப் பணம் வந்த இடத்துக்கே திரும்பும் என்பதற்குக் குமுளியைவிட அருகில் சான்று தேட வேண்டாம்.

பொழுதுபோக்குத் தூண்டிலைப் பற்றி ஒரு சொல். முல்லைப் பெரியாற்று அணைக்கான 1886ஆம் ஆண்டுக் குத்தகையை 1970இல் திருத்தியபோது, அந்த அணையின் ஏரியில் மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. அங்கே மன்னான், பளியர் பழங்குடி மக்கள் வலை வீசிப் பிழைக்கிறார்கள். புலிகள் காப்பகத்துக்குள் வேடிக்கைத் தூண்டிலுக்கு மேடை கட்ட வேண்டாம். அதற்குப் பள்ளத்தாக்கின் கண்மாய்க் கரைகள் போதும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த பிறகு, எல்லாருடைய கவனமும் படகின் மேலும் உயிர்காப்பு உடையின் மேலும் சென்றது. அது சரியே. ஆயினும் முதியவரும் குழந்தையும் தடுமாறுவது படகில் ஏறும் அந்த ஓரடி இடைவெளியில்தான்.

ஆகவே நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு படகுச் சீட்டிலும் ஒரு சிறு பங்கைத் துறைக்கென்று தனிக் கணக்கில் சேர்த்து, அதன் வரவு செலவைத் துறையிலேயே, சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்குப் பக்கத்தில், ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். முதல் வரியில் பீப்பாய்களைக் கடைசியாகச் சோதித்த தேதி இருந்தால், அம்மாவை மறுபடி அழைத்துப்போக நான் தயார்.

நன்றி, வணக்கம்.