அடுப்படி வரை வந்த சட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

மதத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட முடியுமா, இந்தக் காலத்துச் சமூகத்தில் அப்படி ஒரு நாள் வருமா என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டு அடுப்படிதான்.

அப்போது எனக்கு இருபது வயது. மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சாதிச் சண்டையில் எங்கள் ஊர்த் தேர் ஓடாமல் நின்றுபோன ஆண்டு அது. விடுமுறைக்கு வந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன்: "கோயில், மசூதி, சர்ச் எல்லாத்தையும் ஒரே சட்டத்துல பூட்டிடணும்மா. அப்பத்தான் நாடு உருப்படும்." அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "பூட்டுங்கப்பா. நான் இங்க அடுப்படியில வெளக்கு ஏத்துறேனே, அதைத் தடுக்க யாரை அனுப்புவீங்க?"

என்னிடம் பதில் இல்லை. பிறகு வரலாறு கற்பிக்கும் வேலைக்கு வந்தேன். அம்மாவின் கேள்விக்கு ஒரு நாடு உண்மையாகவே பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த நாடு அல்பேனியா.

கிரேக்கத்துக்கு வடக்கே, கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலியைப் பார்த்தபடி இருக்கும் சின்ன நாடு. 1967இல் அங்கே மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் பேர்தான். முஸ்லிம்கள் பெரும்பான்மை. அவர்களுக்குள் பெக்டாஷி என்ற சூஃபி மரபினரும் உண்டு. தெற்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், வடக்கே ஷ்கோதர் நகரைச் சுற்றிக் கத்தோலிக்கர்கள். ஆட்சியில் இருந்தவர் என்வர் ஹோஜா. ஹோஜா என்ற அந்தக் குடும்பப் பெயருக்கே மார்க்கக் கல்வி ஓதிக்கொடுக்கும் ஆசிரியர் என்றுதான் பொருள்.

அவர் ஏன் மதத்தின் மேல் கை வைத்தார்? கம்யூனிசக் கொள்கை ஒரு காரணம். சீனாவில் அப்போது நடந்துகொண்டிருந்த கலாசாரப் புரட்சியின் வேகம் இன்னொரு காரணம். மூன்றாவதாக ஒரு பயமும் இருந்தது: கத்தோலிக்கர்களுக்கு இத்தாலியோடு உறவு, ஆர்த்தடாக்ஸ் மக்களுக்குக் கிரேக்கத்தோடு உறவு, முஸ்லிம்களுக்குப் பழைய துருக்கி ஆட்சியின் உறவு, இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நாடு சிதறிவிடும் என்ற பயம். 1939இல் இத்தாலி படையெடுத்து வந்து அந்த நாட்டைப் பிடித்துக்கொண்டது உண்மை. அதனால் அந்தப் பயத்தை வெறும் சாக்கு என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள்.

1967 பிப்ரவரி 6ஆம் தேதி ஹோஜா ஒரு உரை நிகழ்த்தினார். பள்ளி, கல்லூரி மாணவர்கள் கிளம்பிவிட்டார்கள். என்னை அன்றைக்கு அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால் நானும் அந்தக் கூட்டத்தில் ஓடியிருப்பேன் என்று நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. அந்த ஆண்டு மே மாதத்துக்குள் 2,169 வழிபாட்டு இடங்கள் பறிக்கப்பட்டன. தேவாலயம், பள்ளிவாசல், மடம், தர்கா என்று எதுவும் மிச்சமில்லை. சில இடிக்கப்பட்டன, சில கிடங்காயின, பல இளைஞர் மன்றங்களாயின. ஷ்கோதர் பேராலயம் விளையாட்டு அரங்கமானது. நவம்பரில் ஓர் ஆணை வந்தது. மத நிறுவனங்களுக்கு அதுவரை இருந்த சட்ட அங்கீகாரம் முழுவதும் ரத்து. 1976இல் புதிய அரசியல் சட்டமே எழுதினார்கள். அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, நாத்திகப் பிரசாரத்தை ஆதரிக்கும் என்று அதன் 37ஆவது பிரிவு சொன்னது. 55ஆவது பிரிவில் ஃபாசிச அமைப்புகளுக்குத் தடை. மத அமைப்புகளுக்கும் அதே பிரிவில், அதே வரிசையில் தடை.

சரி, கட்டடத்தைப் பூட்டியாயிற்று. அப்புறம்? அம்மா கேட்ட இடத்துக்கு அரசும் வந்து நின்றது. மதம் கட்டடத்தில் மட்டுமா இருக்கிறது? பெயரில் இருக்கிறது. ஆகவே 1975இல் ஒரு ஆணை: அரசின் கொள்கைக்குப் பொருந்தாத பெயர் வைத்திருப்பவர்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டில் இருக்கிறது. ஆகவே ரமலான் மாதத்திலும் தவக்காலத்திலும் பள்ளிகளிலும் வேலையிடங்களிலும் பாலும் முட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். வேண்டாம் என்றவர் நோன்பிருப்பவர். அவரை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கண்டித்தார்கள். ஈஸ்டர் பண்டிகைக்கு முட்டைக்குச் சாயம் பூசுவது அங்கே வழக்கம். வீட்டில் அம்மா முட்டைக்குச் சாயம் பூசினாரா என்று ஆசிரியர் வகுப்பில் பிள்ளைகளைக் கேட்பார். முட்டை ஓட்டைக்கூடக் கண்ணில் படாமல் ஒழித்துக்கட்ட வேண்டியிருந்ததைப் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

நான் ஆசிரியனாக இருந்தவன். இந்த வரலாற்றில் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வகுப்பறைதான். பொய் சொல்லாதே என்று கற்றுக்கொடுக்க வேண்டிய ஒருவர், ஐந்து வயதுப் பிள்ளை உண்மையைச் சொன்னால் அதன் அம்மாவுக்கு ஆபத்து என்ற நிலையை உண்டாக்குகிறார். அந்தப் பிள்ளை வீட்டிலேயே வாயை மூடக் கற்றுக்கொள்கிறது. பெற்றோரும் பிள்ளை முன்னால் பேச்சை விழுங்கக் கற்றுக்கொள்கிறார்கள். மதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைத்தார்கள் என்று யாராவது கேட்டால், இதைத்தான் வைத்தார்கள் என்று சொல்வேன்.

தண்டனைகளையும் சொல்ல வேண்டும். ஷ்தியேஃபன் குர்தி என்ற கத்தோலிக்கக் குரு, ஒரு குழந்தைக்கு இரகசியமாகத் திருமுழுக்குக் கொடுத்ததற்காக 1970களின் தொடக்கத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். எழுபது வயதைத் தாண்டியவர். எர்னெஸ்ட் சிமோனி என்ற இன்னொரு குரு, தடை வருவதற்கு முன்பே, 1963 கிறிஸ்துமஸ் திருப்பலி நிறைவேற்றிய இரவில் கைதானார். 18 ஆண்டுகள் கட்டாய உழைப்பு, சுரங்க வேலை. 1981இல் விடுதலையான பிறகும் அவருக்குக் கொடுத்த வேலை ஷ்கோதர் நகரத்துச் சாக்கடையில்தான். கைதிகளுக்கிடையே மனப்பாடமாக இருந்த லத்தீன் ஜெபங்களைச் சொல்லி இரகசியமாகத் திருப்பலி நிறைவேற்றினார். 2016இல் போப் பிரான்சிஸ் அவரைக் கர்தினால் ஆக்கினார்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையையும் இந்தச் சட்டம் தொட்டது. அன்னை தெரசா அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் அக்காவும் தலைநகர் திரானாவில் இருந்தார்கள். இவர் கொல்கத்தாவில், முன்பின் தெரியாதவர்களின் கடைசி மூச்சு வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் அம்மாவைப் பார்க்க அந்த அரசு அனுமதி கொடுக்கவில்லை; அவர்களை வெளியே அனுப்பவும் சம்மதிக்கவில்லை. 1972இல் அம்மா இறந்தார். சில ஆண்டுகளுக்குள் அக்காவும் போய்விட்டார். உலகமே அறிந்த அந்த மகள் 1989இல்தான் திரானாவுக்குள் கால் வைக்க முடிந்தது, அம்மாவின் கல்லறையைப் பார்க்க.

1985இல் ஹோஜா இறந்தார். 1990இல் தடை தளர்ந்தது. அந்த நவம்பரில் ஷ்கோதர் கல்லறைத் தோட்டத்தில், திறந்த வெளியில், ஆயிரக்கணக்கான மக்கள் கூடித் திருப்பலி கண்டார்கள். சில நாட்களிலேயே அதே ஊரின் பழைய ஈயப் பள்ளிவாசலில் தொழுகை நடந்தது. 20 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த ஹாஃபிஸ் சப்ரி கோச்சி அதை நடத்தினார். ஒருவர் வழிபாட்டுக்கு மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

இந்த இடத்தில் "பார்த்தீர்களா, மதத்தை அழிக்கவே முடியாது" என்று முடித்துவிடலாம். மேடையில் பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. 23 ஆண்டுத் தடை ஆழமாகவே வெட்டியிருந்தது. ஓதத் தெரிந்தவர்கள் செத்துப்போயிருந்தார்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் உயிரோடு மிஞ்சியவர்கள் சில முதிய குருமார்கள் மட்டுமே. ஆயர் ஒருவர்கூட இல்லாததால் கிரேக்கத்திலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. எந்த ஜெபத்துக்கு எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்பது ஒரு தலைமுறைக்கே தெரியாது. 2023ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நான் நாத்திகர் என்று பதிந்தவர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் கடவுள் நம்பிக்கை உண்டு, எந்தச் சமயத்திலும் இல்லை என்றவர்கள் சுமார் 14 விழுக்காடு. தடையின் தடம் இந்த 14இல் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஏங்குவதை அரசால் நிறுத்த முடியவில்லை. ஏங்குவதற்கு அவர்கள் பாட்டன், பூட்டன் வைத்திருந்த சொற்களை மட்டும் பறித்துவிட்டது.

சோவியத் ஒன்றியத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே மதத்தை மொத்தமாகத் தடை செய்யவில்லை, பிடித்து நெரித்தார்கள். 1937 கணக்கெடுப்பில் உங்களுக்கு மத நம்பிக்கை உண்டா என்று 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் கேட்டார்கள். புரட்சி நடந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன; குருமார்கள் கொத்துக்கொத்தாகக் கைதாகிக்கொண்டிருந்த காலம். அப்படியிருந்தும் அரசு அலுவலரின் முகத்துக்கு நேரே, உண்டு என்று சொன்னவர்கள் சுமார் 5.5 கோடிப் பேர். பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேல். அந்தக் கணக்கெடுப்பையே ரத்து செய்தார்கள். மக்கள்தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்ததும் அதற்குப் பெரிய காரணம். எண்ணிய அதிகாரிகள் சிலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

இனி அப்படி ஒரு காலம் வருமா? எல்லா மதத்தையும் ஒரே நாளில் பூட்டும் சட்டம் எளிதில் வராது என்பது என் கணிப்பு. 2,169 கட்டடங்களைப் பூட்ட அல்பேனியா தன் எல்லையையே பூட்ட வேண்டியிருந்தது. இன்று வரக்கூடியது வேறு மாதிரி: அடுத்தவனுடைய மதத்துக்கு மட்டும் தடை. ரஷ்யாவையே பாருங்கள். இன்று அங்கே அரசும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் கைகோத்து நிற்கின்றன. அதே நாட்டில் 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவின் அமைப்பைத் தீவிரவாத அமைப்பு என்று தடை செய்து சொத்துகளைப் பறிமுதல் செய்தது. வீட்டில் கூடி வேதம் படித்தவர்கள் சிறைக்குப் போகிறார்கள். நாத்திக அரசு தட்டிய அதே கதவைத்தான் பக்தியுள்ள அரசும் தட்டுகிறது. ஒரு சிறு கூட்டத்தின் வழிபாட்டுக்குத் தடை கேட்டு யாராவது உங்கள் ஊரில் கையெழுத்து வாங்க வந்தால், அந்தக் கூட்டத்தின் கொள்கை உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், தயவுசெய்து பேனாவை எடுக்காதீர்கள்.

அப்படியானால் மதத்தின் பெயரால் நடக்கும் அநியாயத்தைச் சட்டம் தொடவே கூடாதா? தொடத்தான் வேண்டும். அல்பேனியா கதவுகளைப் பூட்டிய அதே 1967இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, நம் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லத்தக்கதாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. உற்றார், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொண்டால் போதும், புரோகிதர் வேண்டியதில்லை என்றது அது. புரோகிதரை அழைக்கக் கூடாது என்று அதில் ஒரு சொல் இல்லை. பெரியார் வாழ்நாள் முழுக்கக் கடவுள் மறுப்பைப் பேசினார். கேட்டு மாறியவர்கள் உண்டு, கேட்டுவிட்டு நேரே கோயிலுக்குப் போனவர்களும் உண்டு. யாருடைய பிள்ளையையும் வகுப்பில் எழுப்பி, உன் அம்மா விளக்கேற்றினாளா என்று யாரும் கேட்கவில்லை. நான் இன்றும் கோயிலுக்குப் போகாதவன். அப்படி இருக்க எனக்குக் கிடைத்த உரிமையும், என் அம்மா விளக்கேற்றிய உரிமையும் ஒரே சட்டத்தின் கீழ் வாழ்ந்தன என்பதில் எனக்கு மிகுந்த நன்றி உண்டு.

யாரை அனுப்புவீர்கள் என்று அம்மா கேட்டாரே, அதற்கு வருகிறேன். 2014 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் திரானாவுக்கு வந்தபோது, மரியா கலேட்டா என்ற முதிய அருட்சகோதரி அவர் முன் எழுந்து, தடைக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடி வந்து, இவளுக்குத் திருமுழுக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். சகோதரிக்குப் பயம். அவள் கணவன் கம்யூனிஸ்ட் என்று அவருக்குத் தெரியும். அரசு வேறு யாரையும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. நடுவழியில் நிற்கிறேன், தண்ணீர் இல்லையே என்று சொல்லிப் பார்த்தார். அதோ வாய்க்கால் ஓடுகிறது என்றாள் அந்தப் பெண். மொள்ள ஒன்றும் இல்லையே என்றார். அவள் விடவில்லை. சகோதரி காலில் கிடந்த பிளாஸ்டிக் செருப்பைக் கழற்றினார். அதில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு அந்தக் குழந்தையின் தலையில் ஊற்றினார்.

நன்றி. வணக்கம்.